நாற்பதாம் நாளும் வருகிறவர்கள்

குடிசை எரிந்த அன்று எல்லோரும் வருகிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அதற்குப் பிறகும் கூட நிற்பது யார்? தேவாலயங்கள் செய்வது என்ன, செய்யத் தவறுவது என்ன?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். மறுநாள் ஏப்ரல் 15, கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாள். அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள குப்பங்களில் இந்த இரண்டு தேதிகளும் ஒரே கவலையாகத்தான் வந்து சேரும். படகு கரையில் நிற்கும், கையில் காசு இருக்காது. அதே மாதங்களில்தான் கூரைக் கீற்று காய்ந்து முறுகிப்போயிருக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று சுழற்றி அடிக்கும். அந்த நேரத்தில் எங்கோ ஓர் அடுப்பிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ பொறி தெறித்தால், ஒரு தெருவே போய்விடும்.

நெருப்புக்கு நடுவே ஒரு நிலம்

வடசென்னை எப்போதும் நெருப்புக்குப் பக்கத்தில்தான் குடியிருந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். திருவொற்றியூரின் விம்கோ நகருக்குப் பெயர் தந்தது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் முனையங்கள், எண்ணூரில் அனல்மின் நிலையமும் துறைமுகமும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் ஆலைக்குக் கடல்வழி வரும் அமோனியா குழாய் கசிந்தது. சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். சுனாமி வந்து சரியாகப் பத்தொன்பது ஆண்டு ஆன நாள் அது.

ஆனால் இந்தப் பகுதியில் வீடுகளை அதிகம் தின்பது ஆலைத் தீ இல்லை, குடிசைத் தீ. காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: கிருஷ்ணாயில் அடுப்பு, சாய்ந்த மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள், கொக்கி போட்டு இழுத்த மின்சாரம், தீபாவளி ராக்கெட். கூரையில் கீற்று, அதற்கு மேல் தார்ப்பாய், மழை ஒழுகாமல் இருக்க அதற்கும் மேலே அரசியல் கட்சியின் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். மூன்றும் எரியும் பொருள்கள். ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் இடையே கைவிரல் நுழையாது. தீயணைப்பு வண்டி தெருமுனை வரைதான் வரும். அங்கிருந்து வீரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓட வேண்டும். அதற்குள் ஒரு சிலிண்டர் வெடித்துவிட்டால் கிட்டே யாரும் போக முடியாது.

தீ அணைந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன மிஞ்சும் என்று. எவர்சில்வர் குடம் நீலமும் கறுப்புமாக நிறம் மாறி, வாய் கோணிக் கிடக்கும். பிளாஸ்டிக் குடம் இருந்த இடத்தில் உருகி உறைந்த ஒரு வட்டம் மட்டும் இருக்கும். நைலான் வலை கரைந்து பாறைபோல் கட்டியாகியிருக்கும். இரும்புப் பீரோ நிமிர்ந்தே நிற்கும். நம்பிக்கையோடு திறந்தால் உள்ளே புடவை மடிப்புக் கலையாமல் இருக்கும், தொட்டவுடன் உதிரும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட், அடகுக்கடை ரசீது எல்லாம் அந்தப் பீரோவில்தான் இருந்திருக்கும். பெண்கள் மாவுச் சல்லடையால் சாம்பலைச் சலித்துக்கொண்டிருப்பார்கள். கம்மலோ தாலிக்குண்டோ கிடைக்காதா என்று.

ஐயாயிரமும் இருபத்து நான்காயிரமும்

அரசு வராமல் இருப்பதில்லை. தாசில்தார் வருவார், கணக்கெடுப்பு நடக்கும், எம்.எல்.ஏ. வருவார். முழுக்க எரிந்த குடிசைக்கு 5,000 ரூபாய், அரிசி, வேட்டி சேலை, மண்ணெண்ணெய் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் பழகிப்போன பட்டியல். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-ல் வந்த புதிய அளவுகோல்படி, அழிந்த குடிசை ஒன்றுக்கு 8,000 ரூபாய், துணிமணிக்கு 2,500, பாத்திர பண்டங்களுக்கு 2,500. அந்த நிதியின் பேரிடர்ப் பட்டியலில் வெள்ளம், புயல், சுனாமியோடு தீயும் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், தன் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது அங்கு குடியிருந்தவர்கள் வாடகைக்கு இடம் பிடித்துக்கொள்ளக் கருணைத் தொகை தருகிறது. 8,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் போதவில்லை என்பதுதான் குடியிருப்போரின் குறை. முன்கூட்டியே சொல்லி, சாமான்களை எடுத்துக்கொள்ள நேரமும் கொடுத்து வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு 24,000. உடுத்திய துணியோடு ஓடி வந்த குடும்பத்துக்கு அதில் பாதிக்கும் சற்று மேல். வாடகைக்கு ஓர் அறை கேட்டால் அட்வான்ஸ் எவ்வளவு தருவாய் என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அந்தப் பணத்தில் அட்வான்ஸும் கட்டி அடுப்பும் வாங்க முடியாது.

இந்த இடைவெளியில்தான் ஊர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். ஜமாஅத், கோயில் கமிட்டி, ரசிகர் மன்றம், கட்சிக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். வடசென்னையில் அந்த வரிசையில் தேவாலயத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அதற்குக் காரணம் பக்தியைவிட, அது எங்கே இருக்கிறது, எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான்.

முதல் இரவு

குடும்பம் குடும்பமாகத் தெருவில் நிற்கும்போது முதலில் தேவைப்படுவது கூரையுள்ள ஒரு பெரிய இடம், தண்ணீர், கழிப்பறை. மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பது பள்ளிக்கூடத்தில் அல்லது சர்ச்சில். பள்ளிக்கூடச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும், அவர் வேறு ஊரில் இருப்பார். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை காம்பவுண்டுக்குள்ளேயே குடியிருப்பார். மைக் செட் தயாராக இருக்கும். திருவிழாவுக்கு அசன விருந்து ஆக்கும் டேக்சாவும் அன்னக்கரண்டியும் பின்கட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். அதனால்தான் கஞ்சியோ சாம்பார் சாதமோ முதலில் அங்கிருந்து வந்துவிடுகிறது.

அடுத்த பலம் ஆள்கட்டு. கத்தோலிக்கப் பங்குகளில் இருபது முப்பது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவர் இருக்கிறார், எந்தப் பெண் நிறைமாதம், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தவறக் கூடாது என்பது அன்பியத் தலைவிக்குத் தெரியும். தாசில்தார் அலுவலகப் பட்டியலில் இந்தத் தகவல்களுக்குக் கட்டம் கிடையாது. சி.எஸ்.ஐ. சபைகளில் இதே வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கம் செய்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை இன்னும் நெருக்கம். பல சபைகள் குப்பத்துக்குள்ளேயே, அதே தகரத்துக்கும் கீற்றுக்கும் கீழே கூடுகின்றன. தெரு எரிந்தால் ஜெபவீடும் எரியும், பாஸ்டரின் வீடும் எரியும். உதவி கேட்பவரும் உதவி செய்பவரும் ஒரே சாம்பலில் நிற்பார்கள்.

பழைய கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று இருக்கும். 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது இருபது. அந்தச் சபையின் வழக்கங்கள் எளியவை. உதவியை வாங்கிக்கொள்ள யாரையும் வரச்சொல்லக் கூடாது, வீடு தேடிப் போக வேண்டும். போவதும் இரண்டு பேராகத்தான். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களிடையே ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது. நிவாரணப் பொட்டலத்தில் கொடுப்பவரின் படத்தை அச்சடிக்கும் இந்தக் காலத்தில், கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு பழைய அந்த ஒழுங்கு புதுமையாகத்தான் தெரிகிறது.

படகோட்டிகள் கட்டிய கோயில்

ராயபுரத்தில் ஆபத்துக்குக் கோயிலைத் தேடி வரும் வழக்கம் வெளியூரிலிருந்து வந்து இறங்கியதல்ல. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு சென்னையில் கப்பல்கள் கடலில் தள்ளித்தான் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள். அந்தப் படகோட்டிகளில் கத்தோலிக்கர் கணிசம். 1829-ல் அவர்கள் தங்கள் உழைப்பிலிருந்து பணம் சேர்த்துக் கட்டியதுதான் புனித இராயப்பர் ஆலயம். நாங்கள் கட்டிய கோயில், நிர்வாகமும் எங்களுடையது என்று அவர்கள் திருச்சபை மேலிடத்தோடு நீண்ட காலம் மல்லுக்கட்டினார்கள். உழைப்பாளிகள் காசு போட்டுக் கட்டிய கோயிலில், ஆபத்துக்கு ஒதுங்க யாரும் அனுமதி கேட்டு நிற்பதில்லை.

அதே ராயபுரத்தில் 1914-ல் திறக்கப்பட்டது ஸ்காட்லாந்து மிஷனின் ரெய்னி மருத்துவமனை. மட்டில்டா மக்பெயில் என்ற பெண் மருத்துவர் முன்நின்று வளர்த்தது. இன்று சி.எஸ்.ஐ. ரெய்னி என்றால் வடசென்னையில் தெரியாதவர் இல்லை. மேற்கு மாதா கோயில் தெருவில் அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்தும் சிசு பவன் இருக்கிறது. அந்தத் தெருவில்தான் தமிழகத்தில் பார்சிகளுக்கென்று உள்ள நெருப்புக் கோயிலும் நிற்கிறது. 1910 முதல் அதன் உள்ளே நெருப்பை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். ஒரு நெருப்பை வணங்குகிறவர்களும் இன்னொரு நெருப்பால் வீடிழந்தவர்களும் ஒரே தெருவில் நடந்துபோகும் ஊர் ராயபுரம்.

சற்று மேற்கே வியாசர்பாடியில் 1960-களில் இத்தாலியரான சலேசியக் குரு ஓர்ஃபியோ மந்தோவானி, பீட்டிட்யூட்ஸ் என்ற சேவை மையத்தைத் தொடங்கினார். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களும் குடிசைவாசிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. ஒரு வேளைச் சோறு, மருந்து, முதியவர்களுக்கு இடம், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அது வளர்ந்தது. மந்தோவானி 1967-ல் மறைந்தார். அவர் தொடங்கியது இன்றும் நடக்கிறது.

அந்த ஆண்டுகளில் அரசும் இதே சிக்கலைத்தான் கையில் எடுத்தது. 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, அடிக்கடி எரிந்த சென்னைக் குடிசைகளுக்கு மாற்றாகத் தீப்பிடிக்காத வீடுகள் கட்ட முனைந்தது. 1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அதன் தொடக்கக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு எழுப்புவதற்கே முதலிடம் இருந்தது. அந்த முதலிடம் பின்னால் எப்படி நழுவியது என்பதைத் திருவொற்றியூர் கார்கில் நகரின் கதையில் பிறகு பார்க்கலாம்.

பதிவேட்டில் இருக்கும் பெயர்

முதல் வாரம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அரிசி மூட்டை வந்த வேகத்தில் நின்றும் போகும். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எரிந்த குடும்பத்துக்கு அப்போது தேவைப்படுவது காகிதம்.

ரேஷன் கார்டு நகலுக்கு உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகம். ஆதாருக்கு இ-சேவை மையம். மார்க் ஷீட்டுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம். மீனவர் அடையாள அட்டைக்கு மீன்வளத் துறை. தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில்தான் விழும், பாஸ்புக்கும் எரிந்திருக்கும். ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தின் அட்டையைக் கேட்கும். ஆதார் கொண்டுவா என்பார்கள், ஆதாருக்குப் போனால் செல்போன் எண் கேட்பார்கள், செல்போனும் தீயில் போயிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு வரிசையில் நின்றால், மறுநாள் வேறொரு வரிசை.

இங்கேதான் சபை செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத, மிகப் பெரிய உதவி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் மையில் எழுதி, இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். திருமணப் பதிவேடும் அப்படியே. மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் எல்லா மதத்துப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும். வீட்டிலிருந்த எல்லாச் சான்றும் எரிந்த பிறகும், இந்தப் பிள்ளை இந்தத் தெருவில் பிறந்து இங்கேதான் படித்தது என்று சொல்லும் ஒரு வரி வேறொரு கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மனு எழுதத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரையோ கல்லூரிப் பெண்ணையோ துணைக்கு அனுப்பினால் பாதி அலைச்சல் குறையும். சோறு போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரிசையில் கூட நிற்க ஆளில்லை.

கார்கில் நகர் சொல்வது

2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னைக் கடலோரத்துக் குடும்பங்கள் பல, திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டன. தார் பூசிய அட்டையில் கட்டிய கொட்டகைகள் அவை. பகலில் உள்ளே உட்கார முடியாத வெக்கை. கடலிடம் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கறுப்பு வரிசைகளில் முடங்கிக் கிடந்தார்கள். 2005-ல் அந்தக் கொட்டகைகளும் பற்றி எரிந்தன. ஓராண்டுக்குள் தண்ணீராலும் நெருப்பாலும் இரண்டு முறை வீடு இழந்தவர்கள் அவர்கள்.

சுனாமிக் காலத்தில் திருச்சபை அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் மெட்ராஸ் சமூக சேவை சங்கம், 1962-ல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா, புராட்டஸ்டன்ட், ஆர்த்தோடாக்ஸ் சபைகளின் பொது அமைப்பான காசா என்று பல கரங்கள் தமிழகக் கரையெங்கும் வேலை செய்தன. உணவு, வலை, படகு, வீடு எல்லாம் வந்தன. ஆனால் கார்கில் நகர்க்காரர்களில் பலருக்குக் கடைசியில் கிடைத்த நிரந்தர வீடு எங்கே? முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், தென்சென்னையின் கோடியில் செம்மஞ்சேரியில். அங்கே 6,764 வீடுகள் கட்டப்பட்டன. கான்கிரீட் கூரை, எளிதில் பற்றாது. ஆனால் காசிமேட்டு ஏலம் விடிகாலையில் தொடங்கும். மீன் வாங்கிக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண், செம்மஞ்சேரியிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து அந்த நேரத்துக்கு வந்து சேர்வாள்? பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டார்கள். தெரிந்த மளிகைக் கடைக் கடன், தெரிந்த மருத்துவமனை, தெரிந்த ஸ்டேஷன், எல்லாம் ஒரே நாளில் அறுந்தன.

அறுந்தவற்றில் பங்கும் ஒன்று. அன்பியம் என்பது நடந்துபோகும் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். வின்சென்ட் தே பவுல் சபை வீடு தேடிப் போக, வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். பதிவேடு ராயபுரத்தில் இருக்கிறது, பெயருக்குரிய பிள்ளை செம்மஞ்சேரியில் இருக்கிறது. நல்ல மனம் எவ்வளவு இருந்தாலும் முப்பது கிலோமீட்டர் அதைத் தேய்த்துவிடும். ஜமாஅத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் இதே கதிதான். எரிந்த மக்களைக் காப்பாற்றும் முதல் அமைப்பு அக்கம்பக்கம். மறுவாழ்வு என்ற பெயரில் அரசு அதைத்தான் முதலில் கலைக்கிறது.

தீ அணைந்ததும் குப்பத்தில் தவறாமல் ஒரு பேச்சு எழும்: தானாப் புடிச்ச தீயா, வச்ச தீயா? பல நேரம் அதற்கு ஆதாரம் இருக்காது. இருந்தும் அந்தச் சந்தேகம் பைத்தியக்காரத்தனம் இல்லை. தீக்குப் பிறகு நிலத்தைச் சுற்றி வேலி வந்துவிடுமோ, திரும்பிக் குடிசை போட விடமாட்டார்களோ என்ற பயத்தின் இன்னொரு பெயர் அது. அதனால்தான் சாம்பல் சூடு ஆறுவதற்குள் நான்கு கழியை நட்டு, புடவையைக் கட்டி இடம் பிடிக்கிறார்கள்.

லண்டனிலும் இதே பாடம்

2017 ஜூன் 14 அதிகாலை லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற இருபத்து நான்கு மாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். பணக்கார நகரின் பணக்கார வட்டாரம், ஆனால் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் எளியவர்கள், வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். கட்டடம் எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து செயின்ட் கிளெமன்ட்ஸ் தேவாலயம் கதவைத் திறந்துவிட்டது. நாட்டிங் ஹில் மெத்தடிஸ்ட் சர்ச்சும், அல்-மனார் மசூதியும் திறந்தன. துணி, சாப்பாடு, காணாமல்போனவர்களின் படங்களை ஒட்ட ஒரு சுவர், அழ ஒரு மூலை எல்லாம் அங்கே கிடைத்தன.

2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை, வட்டார கவுன்சிலின் முதல் வாரச் செயல்பாட்டைக் கடுமையாகக் குறை சொன்னது. அரசு நிர்வாகம் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் உள்ளூர் அமைப்புகளும் மத சமூகங்களும் என்று பதிவு செய்தது. அங்கேயும் தப்பித்தவர்களில் பலர் சொந்த வட்டாரத்தில் நிரந்தர வீடு கிடைக்காமல் மாதக்கணக்கில் ஓட்டல் அறைகளில் காத்திருந்தார்கள். வரவு செலவுத் திட்டம் எத்தனை கோடியாக இருந்தாலும், முதல் இரவுக்கு நடந்து வருகிற அண்டை வீட்டாருக்கு ஈடாக எந்த அரசும் இன்னும் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

பழைய துணி மூட்டை

இத்தனை சொன்ன பிறகு சபைகளின் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, பழைய துணி. தீ விபத்துச் செய்தி வந்ததும் நகரின் வசதியான பங்குகளிலிருந்து வேன் வேனாகக் கிழிந்த சட்டையும் சாயம்போன சுடிதாரும் வந்து இறங்கும். அதில் உள்ளாடை இருக்காது, நாப்கின் இருக்காது, பள்ளிச் சீருடை இருக்காது. மறுநாள் அந்த மூட்டைகள் சாக்கடை ஓரம் கிடக்கும். கொடுப்பவருக்கு அலமாரி காலியாகிறது, வாங்குபவருக்கு மானம் போகிறது. அரிசியைவிட அரிசி வடிக்கக் குண்டான்தான் முதல் தேவை என்பதைக் கொடுப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

இரண்டாவது, டோக்கன். நம் சபை, அடுத்த சபை, சபைக்கே வராதவர் என்று பட்டியல் பிரியும்போது, நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் முறைத்துக்கொள்கிறார்கள். தீ வீட்டு நம்பர் பார்த்து எரிக்கவில்லை. உதவியோடு சேர்த்துத் துண்டுப் பிரசுரம் நீட்டுகிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. வீடிழந்து நிற்கிறவரிடம் வேதம் பேசுவது அவரையும் அவமதிக்கிறது, பேசப்படும் வேதத்தையும் அவமதிக்கிறது. ஊரில் பிளவை உண்டாக்கக் காத்திருப்பவர்களுக்கு வாயில் அவலும் போடுகிறது.

மூன்றாவதுதான் பெரியது. நிலம் என்ற சொல்லைச் சபைகள் உச்சரிப்பதே அரிது. கஞ்சி ஊற்றும்போது எல்லோரும் பாராட்டுவார்கள். இவர்களுக்கு இங்கேயே வீடு கொடு என்று கேட்டால் அதிகாரிகளின் முகம் மாறும். அந்த முகமாற்றத்துக்குப் பயந்து, தருமத்தோடு நிறுத்திக்கொள்கிற சபைகள்தான் அதிகம். கார்கில் நகர் மக்கள் லாரியில் ஏற்றப்பட்டபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு போர்வை இல்லை. ஏன் இவர்களை அனுப்புகிறீர்கள் என்று கேட்கும் குரல்.

இனி செய்ய வேண்டியது

சபைகள் கேட்பதற்கு முன், சபைகளிடம் கேட்க வேண்டியவை சில. வடசென்னையின் ஒவ்வொரு பங்கும் பாஸ்டரேட்டும் இருபது குடும்பங்களுக்காவது ஆகிற அளவு பாத்திரம், பாய், நாப்கின், சீருடைத் துணி, சூரிய விளக்கு ஆகியவற்றைக் கோடைக்கு முன்பே வாங்கி வைக்கலாம். தவக்கால உண்டியலிலும் அறுவடைப் பண்டிகை ஏலத்திலும் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம். பதிவேடுகளை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைக்கலாம். தங்கள் பகுதிக் குடும்பங்களின் சான்றிதழ்களையும் மதம் பாராமல் இலவசமாக ஸ்கேன் செய்து கொடுக்கலாம், டிஜிலாக்கரில் ஏற்றவும் சொல்லித்தரலாம். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தீயணைப்பு வீரர் ஒருவரை அழைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடவும் மணல் வாளி வைக்கவும் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தலாம். அக்கம்பக்கத்து மசூதியும் கோயிலும் சர்ச்சும் ஒரே பட்டியல் வைத்துக்கொண்டால் டோக்கன் சண்டையே இராது.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. மறுகட்டுமானத்துக்காக வீடு காலி செய்பவருக்குத் தரும் 24,000 ரூபாயைத் தீயில் வீடிழந்தவருக்கும் தர வேண்டும். சம்பவ இடத்திலேயே சிறப்பு முகாம் போட்டு, ரேஷன், ஆதார், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் ஒரே வாரத்தில் வழங்க வேண்டும். எரிந்த இடத்திலேயே, அதற்கு வழியில்லாவிட்டால் நடந்துபோகும் தூரத்திலேயே, கான்கிரீட் வீடு என்பதைச் சட்டமாக்க வேண்டும். ஊரகத்தில் 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எட்டு லட்சம் வீடுகளுக்கு இலக்கு வைத்திருக்கிற அரசுக்கு, நாட்டின் பழமையான துறைமுகங்களில் ஒன்றின் வாசலில் எரியும் குடிசைகள் கண்ணில் படாமல் போகக் கூடாது.

தேவாலயத்தின் வாசலைத் திறந்து வைப்பது பெரிய தொண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அதே வாசலில் அதே குப்பத்து மக்கள் வந்து நின்றால், தொண்டு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த தீக்கு அரிசி சேர்க்கிற கைகள், இந்த ஆண்டு ஒரு மனுவிலும் கையெழுத்துப் போடட்டும்: எரிந்த இடத்திலேயே வீடு வேண்டும் என்று.